மடிநோயும் ஸ்டாஃபும்: காம்பிலிருந்து கோயாகுலேஸ் குழாய் வரை

மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தால் உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் முதலில் நடப்பது டியூப் வைத்தியம். மருந்துக்கடையில் வாங்கிவந்து காம்புக்குள் ஏற்றிவிடுவார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு, கேட்கவில்லை என்றால் வேறு டியூப். அதற்கும் மசியவில்லை என்றால்தான் "பாலை டெஸ்டுக்குக் கொடுத்துப் பார்ப்போமா" என்ற பேச்சே எழும். அப்போது எடுத்த பாலில் பெரும்பாலும் ஒன்றும் வளராது. மடிக்குள் கிருமி உயிரோடுதான் இருக்கும். பாலோடு கலந்து வரும் மருந்து, லேபில் கிருமி வளர்க்கும் தட்டில் அதைத் தலைதூக்க விடாது. "கிருமி இல்லை" என்று ரிப்போர்ட் போகும். வீட்டுக்காரர் நிம்மதியாவார். அடுத்த ஈத்தில் அதே காம்பு மறுபடி கெடும்.

அதனால் முதலில் பால் மாதிரி, பிறகுதான் டியூப். ஏற்கெனவே மருந்து ஏற்றியாகிவிட்டது என்றால், மருந்து முடிந்து குறைந்தது 14 நாள் கழித்து மாதிரி எடுப்பது நல்லது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசும் வைத்தியம் இப்போது பல ஊர்களில் பழக்கத்துக்கு வந்துவிட்டது. பூசுவதில் தடையில்லை, ஆனால் மாதிரி எடுத்த பிறகு பூசுங்கள். பூச்சு ஒட்டிய காம்பிலிருந்து எடுத்த பாலில் சுண்ணாம்பும் மஞ்சளும் தூசும் சேர்ந்தே வரும். தட்டில் என்ன முளைக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்தக் காம்பு கெட்டிருக்கிறது என்பதே பல நேரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஸ்டாஃப் என்று சுருக்கிச் சொல்லும் ஸ்டெபைலோகாக்கஸ் குடும்பக் கிருமிகளில் மோசமானது ஆரியஸ். அது பிடித்த மடியில் பால் பெரும்பாலும் பார்வைக்கு நல்ல பாலாகத்தான் இருக்கும். கறந்து முடித்தபின் மடியை விரலால் அழுத்திப் பார்த்தால், உள்ளே கொட்டைப்பாக்கு அளவில் கட்டிகள் தட்டுப்படலாம். நம்பகமான வழி சி.எம்.டி. என்கிற கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை. ஷாம், நூர்லாண்டர் இருவரும் 1957-இல் வெளியிட்டது; இன்றும் மாட்டுக்கொட்டத்தில் இதைவிட மலிவாக ஒன்று கிடையாது. நான்கு கிண்ணமுள்ள பேடிலில் காம்புக்கு ஒரு கிண்ணமாக 2 மி.லி. பால், அதே அளவு சோதனை மருந்து. பேடிலைப் படுக்கையாக வைத்துப் பத்து வினாடி சுழற்றி, சுழற்றும்போதே பார்க்க வேண்டும். மருந்திலுள்ள சோப்புச் சத்து வெள்ளணுக்களை உடைக்க, அவற்றின் டி.என்.ஏ. வெளியே வந்து பாலைக் கூழாக்குகிறது. லேசாகத் தடித்து, பேடிலைச் சாய்த்தால் பிசுபிசுப்பாக வழிந்தால் அளவு ஒன்று. சுழற்றும்போது நடுவில் திரண்டால் இரண்டு. முட்டை வெள்ளைக் கரு போல ஒரே உருண்டையாகக் கிண்ணத்தின் நடுவில் குவிந்து நின்றால் மூன்று. கன்று போட்ட முதல் வாரத்திலும், பால் வற்றும் நேரத்திலும் நல்ல மடியே கூழ் காட்டும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். பேடில் மருந்து கைவசம் இல்லாத இடத்தில் துணி சோப்புத்தூளை 100 மி.லி. தண்ணீருக்கு 3 கிராம் கரைத்து, அதே அளவு பாலோடு சேர்த்து ஒரு நிமிடம் சுழற்றினாலும் கூழ் தெரியும்.

சி.எம்.டி. சொல்வது "இந்தக் காம்பில் அழற்சி" என்பதை மட்டும். எந்தக் கிருமி என்று அது சொல்லாது. அதற்குத்தான் கல்ச்சர், அதாவது பாலிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. கல்ச்சரில் வரும் தவறுகளில் பெரும்பகுதி லேபுக்கு வந்துசேர்வதற்கு முன்னாலேயே, தொழுவில் நடந்து முடிந்துவிடுகிறது.

மாதிரி எடுக்கும் முறை இது. மடியில் சாணமோ மண்ணோ இருந்தால் மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவி, சொட்டு இல்லாமல் துடைக்க வேண்டும். ஈர மடியிலிருந்து வழியும் ஒரு துளி அழுக்குத் தண்ணீர் போதும், மாதிரி கெட்டுவிடும். முதல் மூன்று நான்கு பீய்ச்சலைத் தனிப் பாத்திரத்தில் விட்டுவிடுங்கள். தரையில் பீய்ச்ச வேண்டாம். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் துடைக்க வேண்டும், காம்புக்கு ஒரு பஞ்சு. பஞ்சில் அழுக்கு தெரியாத வரை துடையுங்கள். துடைக்கும்போது நமக்கு எட்டத்தில் உள்ள இரண்டு காம்பு முதலில், கிட்டத்தில் உள்ளவை பிறகு. பால் எடுக்கும்போது நேர்மாறாக, கிட்டத்தில் உள்ளவை முதலில். இந்த வரிசையை மாற்றினால், துடைத்த காம்பில் நம் முழங்கை உரசும். ஆல்கஹால் காய வேண்டும்; காயாமல் பீய்ச்சினால் அது பாலோடு சொட்டி உள்ளே இருக்கும் கிருமியையும் கொல்லும்.

குழாயை நேராக நிமிர்த்திப் பிடிக்காமல் சாய்த்துப் பிடியுங்கள். நிமிர்ந்த குழாய்க்குள் மடியிலிருந்து உதிரும் மயிரும் பொடியும் நேராக விழும். மூடியைக் கீழே வைக்காமல் சுண்டுவிரல் இடுக்கில், உள்பக்கம் தரையைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். 3 முதல் 5 மி.லி. போதும். குழாய் நிறையப் பால் வேண்டும் என்று நினைத்து மெனக்கெடுபவர்கள்தான் காம்பைக் குழாய் விளிம்பில் இடித்துவிடுகிறார்கள்.

பெயர் எழுதுவது சின்ன விஷயம்தான், ஆனால் அதில்தான் அடிக்கடி கோட்டை விடுகிறோம். மூடியில் எழுதக் கூடாது. லேபில் நாலு மூடியும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது மாறிப்போகும். குழாயின் உடம்பில் பிளாஸ்திரி ஒட்டி, பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஐஸ் தண்ணீரில் கரைந்து, உசிலம்பட்டியிலிருந்து செக்கானூரணி தாண்டுவதற்குள் நீலக் கறையாகிவிடும். வ.மு. (வலது முன்), வ.பி. (வலது பின்), இ.மு., இ.பி. என்று எழுதினால் போதும். வலது இடது என்பது மாடு பார்க்கும் திசையில் நாம் நிற்கும்போது உள்ள வலது இடது.

மதுரை வெயிலில் மாதிரியை பைக் பெட்டிக்குள் போட்டு ஒரு மணி நேரம் கொண்டுவந்தால், காம்புத் தோலிலிருந்து தவறி விழுந்த நாலைந்து கிருமி பல மடங்காகி, உண்மையான குற்றவாளியை மறைத்துவிடும். கறந்த உடனே தெர்மாகோல் பெட்டியில் ஐஸ். லேபில் 24 மணி நேரத்துக்குள் தட்டில் போட முடியாது என்றால் ஃப்ரீசரில் வைக்கலாம். ஸ்டாஃப் உறைபனியைத் தாங்கும். வெள்ளணுக்களுக்குள் ஒளிந்திருப்பவை அணு உடைந்து வெளியே வருவதால், சில நேரம் உறையவைத்த மாதிரியில் நன்றாகவே முளைக்கும். சாணத்திலிருந்து வரும் ஈ.கோலை என்ற கிருமி அப்படித் தாங்காது. அதன் மேல் சந்தேகம் இருந்தால் உறையவைக்கக் கூடாது. மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ, கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கோ அனுப்புவதாக இருந்தால், கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்.

இனி லேப். குழாயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் லூப்பை (நுனியில் வளையமுள்ள கம்பி) உள்ளே விட்டுவிடக் கூடாது. கொழுப்பு மேலே ஆடையாக ஏறியிருக்கும், கிருமியும் அதோடு ஏறியிருக்கும். அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்குங்கள். 0.01 மி.லி. எடுக்கும் லூப்பால் 5 சதவீத ஆட்டு இரத்தம் சேர்த்த பிளட் அகாரில் (கிருமி வளரும் கூழ் ஊடகம்) இழைக்க வேண்டும். ஒரு தட்டை நாலாகப் பிரித்தால் ஒரு மாட்டின் நாலு காம்பும் அடங்கும். இந்த அளவில் ஒரு காலனி, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒரு கிருமிக் கூட்டம், வந்தால் ஒரு மி.லி. பாலில் சுமார் 100 கிருமி என்று கணக்கு. ஆரியஸ் மீது சந்தேகம் வலுவாக இருந்தால் 0.1 மி.லி. எடுத்து ஒரு முழுத் தட்டில் போடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கிருமி பாலில் தினமும் ஒரே அளவில் வெளிவராது. ஒரு மாதிரியில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்குதான் பிடிபடும். நாள் விட்டு மறுமாதிரியும் பார்த்தால் 94 சதவீதம் வரை பிடிபடும். ஒருமுறை "இல்லை" என்று வந்ததை வைத்து மாட்டைச் சுத்தம் என்று எழுதாமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இரத்தம் ஆட்டிரத்தமாகத்தான் இருக்க வேண்டும். இரத்த வங்கியில் காலாவதியான மனித இரத்தத்தைக் கேட்டு வாங்கித் தட்டு ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது இந்த வேலைக்கு ஆகாது. மாட்டு மடியில் வாழும் ஆரியஸின் முக்கிய அடையாளம் இரட்டை வளையம். காலனியை ஒட்டி, அகார் தெளிந்து கண்ணாடி போன்ற ஒரு குறுகிய வளையம். அது ஆல்பா நச்சின் வேலை. அதைச் சுற்றி மங்கலான, பாதி கரைந்த ஓர் அகன்ற வளையம். அது பீட்டா நச்சு. பீட்டா நச்சு ஆட்டின், மாட்டின் சிவப்பணுவை நன்றாகத் தாக்கும், மனிதச் சிவப்பணுவை அவ்வளவாகத் தொடாது. 37 டிகிரியில் வளர்ந்த தட்டை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். மங்கலாக இருந்த வெளி வளையம் காலையில் பளிச்சென்று தெளிந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒருமுறை இதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

தட்டை 24 மணி நேரத்தில் ஒருமுறை, 48-இல் ஒருமுறை பாருங்கள். மூன்று விதமோ அதற்கு மேலோ காலனி கலந்து வந்தால் அது மாதிரி எடுத்ததில் வந்த கோளாறு. மறு மாதிரி கேட்க வேண்டும். ஸ்டாஃப் காலனி வட்டமாக, மேடாக, வெண்ணெய்ப் பதத்தில், 2 முதல் 4 மி.மீ. அளவில், வெள்ளையிலிருந்து பொன்னிறம் வரை இருக்கும். மடியைக் கெடுக்கும் இன்னொரு கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸின் (ஸ்ட்ரெப்) காலனி அதைவிடப் பொடியாக, பனித்துளி போல ஒளிபுகும்.

இந்த இரண்டையும் பிரிப்பது கேட்டலேஸ் என்ற நொதிக்கான சோதனை. கண்ணாடித் துண்டில் ஒரு காலனியை வைத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால், ஸ்டாஃப் உடனே நுரைக்கும், ஸ்ட்ரெப் சும்மா இருக்கும். காலனியை எடுக்கும்போது கீழே உள்ள பிளட் அகாரைச் சுரண்டிவிடக் கூடாது. சிவப்பணுவிலேயே கேட்டலேஸ் இருப்பதால் அதுவும் நுரைக்கும். குச்சி நுனியால் காலனியின் தலையை மட்டும் தொட்டு எடுங்கள், அல்லது நியூட்ரியண்ட் அகாரில் மறுபடி வளர்த்து எடுங்கள். கிருமியை நிறத்தால் வகை பிரிக்கும் கிராம் சாயத்துக்கு 18 முதல் 24 மணி நேரத்து இளங்கல்ச்சர் வேண்டும். பழசானால் ஊதாவாக இருக்க வேண்டியது சிவப்பாகக் காட்டி ஏமாற்றும். நுண்ணோக்கியின் ஆயில் லென்ஸில் ஊதா உருண்டைகள் கொத்துக்கொத்தாக இருக்கும். கிரேக்கத்தில் திராட்சைக் கொத்துக்கு உள்ள சொல்லை வைத்து 1880-களில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்ஸ்டன் இதற்குப் பெயர் வைத்தார். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் பல ரிப்போர்ட்டுகள் நின்றுவிடுகின்றன: "ஸ்டெபைலோகாக்கஸ் வகை" என்று ஒரு வரி. அந்த வரியை வைத்து மாடு வளர்ப்பவர் ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஆரியஸ் என்றால் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குத் தொற்றும், மடித் தசைக்குள் கட்டி கட்டிக்கொண்டு மருந்து எட்டாத இடத்தில் உட்காரும். ஆரியஸ் அல்லாத ஸ்டாஃப்கள், அதாவது குரோமோஜென்ஸ், சிமுலன்ஸ், எபிடெர்மிடிஸ், ஹீமோலிட்டிகஸ், சைலோசஸ் போன்றவை பெரும்பாலும் லேசான அழற்சியோடு நின்றுவிடும். தலைஈத்து மாடுகளில் கன்று போடும் சமயம் காணப்பட்டுத் தானாகவே போய்விடுவதும் உண்டு. ஒன்றுக்கு மாட்டை விற்கும் யோசனைவரை போக நேரும், மற்றதற்குப் பல நேரம் டியூப்பே வேண்டியிருக்காது. இரண்டுக்கும் ஒரே பெயர் எழுதுவது பெரிய அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

மானிட்டால் என்ற சர்க்கரைப் பொருளும் உப்பும் சேர்த்த மானிட்டால் சால்ட் அகார் இதற்கு உதவும், ஆனால் தனியாக நம்பக் கூடாது. 7.5 சதவீத உப்பு மற்ற கிருமிகளை அடக்கும். ஆரியஸ் மானிட்டாலைப் புளிக்கவைப்பதால் சிவப்பு ஊடகம் மஞ்சளாகும். சைலோசஸ் போன்ற சிலவும் இதையே செய்யும். இன்னொரு குழப்பம்: காலனியின் மஞ்சள் வேறு, ஊடகத்தின் மஞ்சள் வேறு. குரோமோஜென்ஸ் காலனி நல்ல மஞ்சளாக இருக்கும். "ஆரியஸ் என்றால் பொன்னிறம்" என்று பாடத்தில் படித்ததை வைத்து அதை ஆரியஸ் என்று எழுதிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது காலனியைச் சுற்றியுள்ள அகாரின் நிறத்தை.

தீர்ப்பு சொல்வது கோயாகுலேஸ் சோதனை. இரத்தத்தின் தெளிநீரான பிளாஸ்மாவைக் கிருமி உறையவைக்கிறதா என்று பார்ப்பது அது. கண்ணாடித் துண்டுச் சோதனை வேகமானது, ஆனால் பொய்யும் சொல்லும். குறிப்பாக உப்பு அகாரிலிருந்து எடுத்த காலனி பிளாஸ்மா இல்லாமலேயே திரிதிரியாகும். குழாய்ச் சோதனைதான் சரி. பி.எச்.ஐ. என்ற சத்துக் குழம்பில் ஓர் இரவு வளர்த்த கல்ச்சர் 0.2 முதல் 0.3 மி.லி., தானாக உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த முயல் பிளாஸ்மா 0.5 மி.லி., சிறு குழாயில் கலந்து 37 டிகிரி நீர்த்தொட்டியில் வையுங்கள். சிட்ரேட் பிளாஸ்மா வேண்டாம்; என்டரோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் சிட்ரேட்டைத் தின்றுவிட்டால் பிளாஸ்மா தானாக உறைந்து ஆரியஸ் போலக் காட்டும். மனித பிளாஸ்மாவும் வேண்டாம்.

முதல் நாலு மணி நேரம், மணிக்கு ஒருமுறை குழாயை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். குலுக்கினால் அப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கும் இழை அறுந்து, பிறகு சேராது. முதலில் தண்ணீர் போல வழியும். பிறகு குழாயைச் சாய்க்கும்போது அடியில் நுங்கின் ஓரம் போல ஒரு துண்டு பின்தங்கி நகரும். கடைசியில் குழாயைக் கவிழ்த்தாலும் விழாத கட்டி. முழுக்கக் கட்டாமல் சின்னத் துண்டாக நின்றாலும் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், காலையில் வந்து பார்க்கும் பழக்கம்தான் இந்தச் சோதனையைக் கெடுப்பது. சில ஆரியஸ் வகைகள் ஸ்டெபைலோகைனேஸ் என்ற பொருளால் தாங்கள் கட்டிய உறைவைத் தாங்களே கரைத்துவிடும். இரவு 9 மணிக்குக் கட்டியாக இருந்தது காலை 9 மணிக்குத் தண்ணீராக இருக்கும், ரிப்போர்ட்டில் "கோயாகுலேஸ் இல்லை" என்று ஏறும். காலையில் வையுங்கள், மதியத்துக்குள் நாலு மணி நேர முடிவு கிடைத்துவிடும். நாலு மணி நேரத்தில் கட்டாதவற்றை அறை வெப்பத்தில் விட்டு 24 மணி நேரத்தில் இன்னொரு முறை பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் தெரிந்த ஆரியஸ் ஒன்று, தெரிந்த எபிடெர்மிடிஸ் ஒன்று, வெறும் பிளாஸ்மா ஒன்று என்று மூன்று குழாய் கூடவே இருக்க வேண்டும். பிளாஸ்மா விலை அதிகம் என்று இதில் மிச்சம் பிடித்தால், மற்ற குழாய்கள் சொல்வதை நம்ப வழியில்லை.

இரட்டை வளையம் இல்லாத ஆரியஸும் உண்டு. அதனால் வளையத்தைப் பார்த்து வடிகட்டாமல், கேட்டலேஸ் நுரைத்த ஒவ்வொரு கொத்துக் காலனிக்கும் கோயாகுலேஸ் போட வேண்டும். ஹைகஸ், சூடின்டெர்மீடியஸ் போன்ற சில ஸ்டாஃப்களும் உறையவைக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். வசதியுள்ள இடத்தில் 'நக்' மரபணுவைப் பார்க்கச் சொல்லுங்கள்; ஆரியஸை உறுதிசெய்ய அதைத்தான் தேடுவார்கள்.

எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் மருந்துத் தட்டுச் சோதனையில் இரண்டு மருந்து வில்லைகளைத் தவறவிடக் கூடாது. பெனிசிலின் 10 யூனிட்: வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் 28 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் எதிர்ப்பு. செஃபாக்சிட்டின் 30 மைக்ரோகிராம்: ஆரியஸில் 21 அல்லது கீழ் என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஆரியஸ்) என்று கொள்ள வேண்டும். இந்தத் தட்டை 35 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள், வெப்பம் கூடினால் எதிர்ப்பு மறைந்துவிடும். சித்திரை மாதத்தில் மின்சாரம் போய்வரும்போது இன்குபேட்டருக்குள் ஒரு வெப்பமானி வைத்துக் கண்ணால் பார்ப்பது அவசியம்.

ஒரே ஒரு நிலையில் கல்ச்சருக்குக் காத்திருக்கவே கூடாது. கன்று போட்ட சில நாளில் மடியின் ஒரு பகுதி நீலம் பாரித்து, தொட்டால் ஜில்லென்று, காம்பில் சிவந்த நீர் வடிந்தால் அது மடி அழுகல். ஆரியஸின் ஆல்பா நச்சு இரத்தக் குழாயைச் சுருக்கித் தசையைக் கொல்கிறது. மாதிரியை எடுத்துவைத்துக்கொண்டு அந்த மணி நேரத்திலேயே மருத்துவரை வரவழையுங்கள்.

ஆரியஸ் என்று உறுதியானால், குணமாகும் வாய்ப்பு மாட்டைப் பொறுத்தது. தலைஈத்து, ஒரே காம்பு, புதிதாகப் பிடித்தது, பெனிசிலின் கேட்கும் வகை என்றால் மருத்துவம் செய்வதில் அர்த்தம் உண்டு. நாலாம் ஈத்து, இரண்டு மூன்று காம்பு, மாதக்கணக்கில் சி.எம்.டி. மூன்று என்றால் டியூப்புக்குக் கொடுக்கும் பணம் வீண். அந்த மாட்டைக் கடைசியில் கறந்து, பால் வற்றவிடும்போது வற்றுக்கால டியூப் போட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் தொழுவிலிருந்து கழிக்க வேண்டும். அதன் பாலைச் சொசைட்டி கேனில் ஊற்றாதீர்கள், கன்றுக்கும் புகட்டாதீர்கள். ஒன்றை ஒன்று சப்பும் கிடேரிகளின் மடிக்கு அந்தக் கிருமி அப்படித்தான் போகிறது. காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் வெளியில் கிடந்த நேரத்தில் அது பாலில் விட்ட நச்சு கொதித்தாலும் அழியாது. குடித்த சில மணி நேரத்தில் வாந்தி வரும்.

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு தெருவில் பத்து வீட்டு மாட்டையும் ஒரே கறவைக்காரர் கறக்கிறார். ஒரே கை, கைக்குத் தடவும் ஒரே எண்ணெய்க் கிண்ணம். பெருவிரலை மடக்கி முட்டியால் காம்பை அழுத்திக் கறப்பதில் காம்புக்குள் காயமும் ஆகிறது. ஆரியஸ் மனிதத் தோலிலும் மூக்கிலும் வாழும் கிருமி. ஒரு வீட்டில் ஆரியஸ் கண்டால் அவர் கறக்கும் எல்லா வீட்டிலும் சி.எம்.டி. போட்டுப் பார்ப்பதுதான் முறை. அவரைக் குற்றவாளி ஆக்காமல், மாட்டுக்கு மாடு சோப்பால் கை கழுவித் துடைக்கவும், எண்ணெய்க் கிண்ணத்தைக் கைவிடவும், முழுக் கையால் பிடித்துக் கறக்கவும் பக்குவமாகச் சொல்லித் தர வேண்டும். கறந்து முடித்த உடனே ஒவ்வொரு காம்பையும் 0.5 சதவீத அயோடின் கரைசலில் முக்கால்வாசி முங்கும்படி தோய்த்து எடுங்கள். தவிடு, புண்ணாக்கை அப்போது போட்டால் மாடு அரை மணி நேரமாவது நின்று தின்னும். காம்புக் கண் மூடும்வரை சாணத்தில் படுக்காது.

மருத்துவம் முடிந்து 14-ஆம் நாளும் 28-ஆம் நாளும் அதே காம்பிலிருந்து, இதே வரிசையில் துடைத்து, மறு மாதிரி எடுங்கள். இரண்டிலும் எதுவும் முளைக்காமல், சி.எம்.டி.யும் இறங்கியிருந்தால் அந்த மாட்டை மற்ற மாடுகளோடு சேர்த்துக் கறக்கலாம்.